மயில் யாருடையது?

போன தை மாதம் ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் புடவை எடுக்க ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்திருந்தது. கடைக்காரர் முதலில் உதறிப் போட்டது, முந்தானை முழுக்கத் தோகை விரித்த மயில். "மயில் வேணாம்ண்ணா, முருகன் வாகனம். சபையில ஒத்துக்க மாட்டாங்க" என்றார் பெண்ணின் அம்மா. அடுத்தது கோபுரக் கரை. அதுவும் கோயில் சம்பந்தம் என்று ஒதுங்கியது. மூன்றாவதில் உருத்திராட்சப் பட்டை. அதை அவர் பிரிக்கவே விடவில்லை. கடைசியில் வெளிர் வெள்ளையில் கொடியும் பூவும் போட்ட புடவை ஒன்று முடிவானது. எழுந்துபோகும்போது அந்த அம்மா என்னிடம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுபோல, "ஆதித் திருச்சபையில இதெல்லாம் கிடையாதுங்க" என்றார்.

அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தில்லை. வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் இன்று எந்தச் சபைக்குள் நுழைந்தாலும் காதில் விழுவது இதுதான். கொடியேற்றமும் தேர்ப்பவனியும், குத்துவிளக்கும் சாம்பிராணியும், தாலியும் மாலையும் புறமதத்திலிருந்து திருச்சபைக்குள் புகுந்த அழுக்கு. அப்போஸ்தலர் காலத்து வழிபாடு சுத்தமாக இருந்தது, நடுவில் கலப்படம் நடந்தது, இப்போது நாம் கழுவிக்கொண்டிருக்கிறோம். தெருவின் மறுபுறம் நிற்பவர்கள் இதையே திருப்பிச் சொல்கிறார்கள்: தேரும் கொடியும் விளக்கும் எங்களுடையவை, ஆள் பிடிப்பதற்காகப் பாதிரிமார் திருடிக்கொண்டு போனார்கள். ஒருவர் தீட்டு என்கிறார், மற்றவர் திருட்டு என்கிறார். இரண்டு பேரும் ஒரே பத்திரத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்: ஒரு வழக்கம் எங்கே பிறந்ததோ அந்த மதத்துக்கே அது சாசுவதமாகச் சொந்தம். அந்தப் பத்திரம் செல்லாது என்பது என் வாதம்.

மயிலிலிருந்தே தொடங்கலாம். ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரைக் கிடத்திய சுவர்களில் மயில் தீட்டியிருக்கிறது. இத்தாலியின் ரவென்னா நகரத்துக் கல் பேழைகளில் சிலுவைக் குறியின் இருபுறமும் மயில்கள் நிற்கின்றன. அவர்களுக்கு மயில் உயிர்த்தெழுதலின் அடையாளம், ஏனென்றால் மயிலின் சதை அழுகாது என்று நம்பினார்கள். சாதாரண ஜனங்கள் மட்டும் நம்பிய கதையில்லை இது. அகுஸ்தீனார் தம்முடைய 'கடவுளின் நகரம்' நூலில், கார்த்தேஜில் தமக்குப் பரிமாறிய மயில் கறியில் ஒரு துண்டை எடுத்துவைத்து, முப்பது நாள் கழித்தும் ஓராண்டு கழித்தும் பார்த்ததாகவும், அது கொஞ்சம் சுருங்கி உலர்ந்ததே தவிர நாறவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். (வேதபாரகர் ஒருவர் கறித்துண்டை ஓராண்டு பத்திரப்படுத்தினார் என்பது எனக்கு அவருடைய பல வாதங்களைவிடப் பிடித்திருக்கிறது.)

அந்த மயிலை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? ரோமர்களிடமிருந்து. அங்கே அது ஜூனோ தேவியின் பறவை. ஜூனோவுக்கு முன்னால் அது கிரேக்கர்களின் ஹீராவுக்கு உரியது. அதற்கும் முன்னால் அது நம் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த வெறும் பறவை. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்த பண்டங்களில் 'துக்கி' என்று எபிரேய வேதம் குறிப்பது நம் 'தோகை'யே என்று கால்டுவெல் கருதினார். திருநெல்வேலியில் ஊழியம் செய்து பிஷப் ஆனவர் அவர். ஆக, ஆரணியில் தள்ளுபடியான மயில், வேதத்திலும் ரோமக் கல்லறையிலும் இடம் பிடித்திருக்கிறது. முருகன் ஏறினார் என்பதற்காக அதை இறக்கிவிட்டால், ஜூனோ ஏறியதற்காக ஆதித் திருச்சபையையே இறக்கிவிட வேண்டியிருக்கும்.

"ஆதித் திருச்சபையில் கிடையாது" என்பதை இன்னும் கொஞ்சம் பிடித்து ஆராயலாம். முதல் இரண்டு நூற்றாண்டு வழிபாட்டைப் பற்றி நமக்குள்ள சாட்சிகளில் ஒருவர் யுஸ்தீனு. 150களில் ரோமில் எழுதுகிறார்: ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையும் தீர்க்கதரிசிகளையும் வாசித்தார்கள், தலைவர் புத்தி சொன்னார், எழுந்து நின்று ஜெபித்தார்கள், அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் பகிர்ந்தார்கள், இல்லாதவர்களுக்குக் காசு சேர்த்தார்கள். அவ்வளவுதான். சாம்பிராணி இல்லை, உண்மை. ஆனால் வரிசை பெஞ்சும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை, கீபோர்டும் இல்லை, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்ற அழைப்பும் இல்லை. அந்த அழைப்பு 1830களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி பெயர்பெறச் செய்த முறை. சில சபைகளில் நற்கருணைக்குத் தரும் புளிக்காத திராட்சைச் சாறு, 1869-இல் நியூ ஜெர்சியில் வெல்ச் என்ற பல் மருத்துவர் பாஸ்டர் முறைப்படி சூடாக்கிப் பக்குவப்படுத்தியது. இவற்றில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நூற்றைம்பது வருஷத்து அமெரிக்கப் பழக்கத்தை அப்போஸ்தலர் வழி என்று சொல்லிக்கொண்டு, அந்தத் தராசிலேயே பக்கத்து வீட்டுக் குத்துவிளக்கை நிறுத்துவது நியாயமில்லை.

விளக்கு வழக்கு புதிதும் இல்லை. 406-ஆம் ஆண்டிலேயே அது விசாரணைக்கு வந்துவிட்டது. விஜிலான்சியு என்ற குருவானவர், பட்டப்பகலில் வேதசாட்சிகளின் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்துகிறீர்களே, இது புறமதத்தார் செய்வதல்லவா என்று கேட்டார். ஆரணியில் இன்று கேட்கும் அதே கேள்வி, அதே தொனி. பெத்லகேமில் இருந்த துறவி எரோணிமு பதில் எழுதினார். அவர் வாய் கூர்மையானது, வசவுதான் முக்கால்வாசி. ஆனால் நடுவில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது: அதே செயல் சிலைக்குச் செய்யப்பட்டபோது வெறுக்கத்தக்கதாக இருந்தது, வேதசாட்சிக்குச் செய்யும்போது ஏற்கத்தக்கது, கீழைச் சபைகளில் சூரியன் எரிக்கும்போதே சுவிசேஷம் வாசிக்க விளக்கு ஏற்றுகிறார்கள், இருட்டை விரட்ட அல்ல, மகிழ்ச்சியைக் காட்ட. செயலின் பொருளை அதன் பிறப்பு தீர்மானிப்பதில்லை, செய்கிறவர் யாரை நோக்கிச் செய்கிறார் என்பதே தீர்மானிக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சாம்பிராணியின் கதை இன்னும் உறைக்கும். ரோமப் பேரரசில் சக்கரவர்த்தியின் உருவத்தின் முன் ஒரு சிட்டிகை தூபம் போட மறுத்ததற்காகக் கிறிஸ்தவர்கள் செத்தார்கள். எந்தப் பொருளையாவது நிரந்தரமாகத் தீட்டு என்று தள்ள அவர்களுக்கு உரிமை இருந்ததென்றால் அது தூபம்தான். ஆனாலும் 380களில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண், ஞாயிறு விடியலில் கர்த்தரின் கல்லறைக் குகைக்குள் தூபக்கலசங்கள் கொண்டுபோனதையும் கோயில் முழுக்க மணம் நிறைந்ததையும் எழுதுகிறார். ஒலிவ மலையிலிருந்து கிளைகளோடு ஜனங்கள் ஊர்வலமாக இறங்கியதையும் அவரே சொல்கிறார். நம் குருத்தோலை ஞாயிறு அங்கிருந்து வருகிறது. சாவுக்குக் காரணமாக இருந்த தூபத்தையே மூன்று தலைமுறைக்குள் அந்தச் சபை தன் கர்த்தருக்கு ஏற்றிவிட்டது. நமக்கோ ஊதுவத்தியைக் கண்டால் நடுக்கம்.

கல்யாணத்துக்கு வருவோம், புடவை அதற்குத்தானே எடுத்தார்கள். தாலி இந்துக்களுடையது, மோதிரம் கிறிஸ்தவம் என்று பலர் நினைக்கிறார்கள். மோதிரம் ரோமர்களுடையது. நிச்சயித்த பெண்ணுக்கு இரும்பு மோதிரம் அனுப்பும் பழக்கத்தை ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே யூப்பிடரைக் கும்பிட்ட வீடுகளில் அது நடந்தது. மணப்பெண்ணின் வெள்ளை உடையோ இன்னும் புதிது. 1840-இல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடுத்தி மணம் முடித்த பிறகுதான் அது மேல்தட்டு மோஸ்தராகப் பரவியது. பரிசுத்தத்தின் நிறம் என்ற விளக்கம் பிறகு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா மயிலைத் தள்ளி வெளிர் வெள்ளையை எடுத்தபோது முருகனிடமிருந்து பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனார், அப்போஸ்தலரிடம் போகவில்லை. தாலியும் வேண்டாம் மோதிரமும் வேண்டாம், எந்த நகையும் வேண்டாம் என்கிற சபைகள் தமிழகத்தில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவர்கள் அளவுகோல் ஒன்றே ஒன்று; அந்த மரியாதையைத் தர வேண்டும்.

தாலியைப் பற்றி ஒரு முறை அதிகாரபூர்வமாகவே தீர்ப்பு வந்தது. 1703 நவம்பரில் தூர்னோன் என்ற போப்பின் தூதர் புதுச்சேரியில் இறங்கினார். ஏறத்தாழ எட்டு மாதம் இருந்தார், அதில் பெரும்பகுதி நோயில் படுத்திருந்தார், உள்நாட்டுப் பக்கம் போகவே இல்லை. 1704 ஜூனில் ஆணை எழுதினார். பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது, மஞ்சள் பூசிய நூற்றெட்டு இழைக் கயிறு கூடாது, பெண் வயதுக்கு வந்த சடங்கு கூடாது, கோயில்களில் கிறிஸ்தவக் கலைஞர்கள் வாசிக்கப் போகக் கூடாது. அதற்கு நூறாண்டுக்கு முன் மதுரைக்கு வந்து காவியும் பூணூலும் தரித்த இராபர்ட் தே நொபிலியின் வழியை 1623-இல் ஒரு போப் அனுமதித்திருந்தார். 1744-இல் இன்னொரு போப் தூர்னோனின் பக்கம் முத்திரை குத்தினார். இந்தியாவுக்கு வந்த மிஷனரிகள் இந்தச் சடங்குகளை அனுமதிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. 1940-இல் அந்தச் சத்தியம் நீக்கப்பட்டது. இருநூறு ஆண்டுக்கு மேல் நீண்ட சண்டையில் எது மிஞ்சியது? தாலி. பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையோ புறாவோ வைத்துக்கொண்டு பெண்கள் அதைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். ரோமில் போப்புகள் மாறினார்கள், இங்கே கழுத்துக் கயிறு மாறவில்லை.

இசைக்கும் இதே கதிதான். பறையும் நாதசுரமும் "கோயில் மேளம்" என்று வெளியே நிற்கின்றன, ஆர்கன் பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆர்கன் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியு என்ற பொறியாளர் உருவாக்கிய நீர்விசைக் கருவியின் வாரிசு. ரோமர் காலத்தில் அது முழங்கிய இடம் வட்டரங்கம், மனிதனும் மனிதனும் வெட்டிக்கொள்ளும் களம். ஆதிப் பிதாக்கள் வாத்தியங்களையே வழிபாட்டுக்கு ஆகாதவை என்று தள்ளினார்கள். 757-இல் கான்ஸ்டான்டிநோபிள் சக்கரவர்த்தி பிராங்கு ராஜா பெப்பினுக்கு ஓர் ஆர்கனை அன்பளிப்பாக அனுப்பினார். மேற்கே அது பரவியது அதற்குப் பிறகு, கோயிலுக்குள் போனது இன்னும் பிறகு. கொலைக்களத்து வாத்தியம் பரிசுத்தமாகலாம் என்றால், சாவு வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் ஒலித்த பறை ஏன் ஆகக் கூடாது? மதுரை இறையியல் கல்லூரியில் இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் வழிபாட்டின் நடுவில் கொண்டுவைத்தபோது இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

இனி திருட்டு என்பவர்களுக்கு. வட ஆற்காட்டில் சபைகளில் சேர்ந்தவர்கள் யார்? 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் தொடக்கக்கால நிலையங்களில் ஆரணியும் ஒன்று. ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் குரு தராஸ் அடிகள் 1876-78 பஞ்சத்தின்போது ஊழியம் செய்தார். பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்கள் கப்பலில் வந்து இறங்கியவர்களில்லை. இந்த மண்ணில் பிறந்து, இந்தத் தெருக்களில் தேர் நகர்ந்தபோது வேடிக்கை பார்த்தவர்கள்; அவர்களில் பலர் அந்தத் தேரின் வடத்தைத் தொடவும் விடப்படாதவர்கள். மதம் மாறியபோது அவர்கள் கையையும் காதையும் பாட்டன் சொத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. தன் வீட்டுப் பண்டத்தைத் தன் புது வீட்டுக்கு எடுத்துப் போகிறவனைத் திருடன் என்றால் பாகப்பிரிவினை என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நெசவுக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. பட்டுப்பூச்சி சீனத்தின் செல்வம். அதன் முட்டைகளை 550களில் யுஸ்தினியான் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள் என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியு எழுதுகிறார். தறிக்கு மேலே உட்கார்ந்து அந்த மயிலைத் தூக்கித் தருகிற ஜக்கார்டு பெட்டியோ, 1804-இல் பிரான்சின் பட்டு நகரமான லியோனில் ஜோசப் மரி ஜக்கார்டு வடித்தது. அந்த லியோனில்தான் 1822-இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது. பட்டு ஆலை முதலாளியின் மகள் போலின் ஜாரிக்கோ, அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஆலைப் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, வாரம் ஆளுக்கு ஒரு செம்புக் காசு வாங்கி, பாரிஸ் மிஷனுக்கு அனுப்பிவந்தார். பாரிஸ் மிஷன்தான் புதுச்சேரிக்கும் அங்கிருந்து சேத்துப்பட்டுக்கும் ஆள் அனுப்பியது. லியோன் தறிக்காரியின் செம்புக் காசையும் லியோன் பெட்டியையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மயில் எந்த மதத்தது, எந்த நாட்டது என்று சொல்லச் சொல்லுங்கள், பார்க்கலாம். ஆனாலும் அது ஆரணிப் பட்டு. ஆரணித் தறியில், ஆரணிக் கையில் பாவும் ஊடையும் கூடியதால் ஆரணிப் பட்டு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

என் எதிர்த்தரப்புக்குப் பலமான சாட்சி ஒருவர் இருக்கிறார், அவரை மறைப்பது அழகில்லை. பவுல் அப்போஸ்தலர். கொரிந்துவில் சந்தைக்கு வந்த இறைச்சியில் ஒரு பங்கு கோயிலில் படைத்தது. அதைச் சாப்பிடலாமா? சந்தையில் விற்பதை, எங்கிருந்து வந்தது என்று துருவாமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். இது என் பக்கம். ஆனால் ஒருவர் இது படைத்தது என்று சொல்லி மனம் கலங்கினால், அவருக்காகச் சாப்பிடாதீர்கள் என்றும் சொல்கிறார். நேற்றுவரை பலி கொடுத்துப் பயந்து வாழ்ந்து இன்று விடுபட்டு வந்த ஒருவருக்கு உடுக்கைச் சத்தம் பழைய பயத்தைக் கிளப்பலாம். அவர் விலகட்டும், அவருக்காக நானும் என் விளக்கை அணைப்பேன். ஆனால் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்து, முருகன் கோயில் படியே மிதிக்காதவர்கள் மயிலைக் கண்டு நடுங்குவது பலவீன மனச்சாட்சி ஆகாது. அது அடுத்த வீட்டுக்காரரிடமிருந்து விலகி நிற்கும் ஆசை, வேத வசனத்தைப் போர்த்திக்கொண்டு வருகிறது.

பிறப்பிடம் ஒன்றையும் தீர்மானிக்காது என்றால் எல்லாமே உள்ளே வரலாமா? வரக் கூடாது. இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. 1969-இல் இந்தியத் திருவழிபாட்டுக்கு ரோம் பன்னிரண்டு மாற்றங்களை அனுமதித்தது: தரையில் அமர்தல், ஆரத்தி, ஐந்து அங்கம் தரையில் பட வணங்கும் பஞ்சாங்கப் பிரணாமம் போன்றவை. நல்லெண்ணம்தான். ஆனால் எந்த இந்தியாவின் பழக்கங்கள் அவை? சபையில் பெரும்பான்மையாக இருந்த தலித் மக்கள், எங்களை உள்ளே விடாத கருவறையின் சைகைகளை எங்கள் பீடத்துக்கே கொண்டுவருகிறீர்களா என்று கேட்டார்கள். சரியான கேள்வி. அது பிறப்பிடத்தைப் பற்றிய கேள்வியில்லை, யாரை நிமிர்த்துகிறது யாரைக் குனியவைக்கிறது என்ற கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் எல்லா வழக்கங்களிடமும் கேட்க வேண்டும்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். குறவஞ்சி என்ற சிற்றிலக்கியத்தைக் கிறிஸ்துவிடம் கூட்டிப்போன அந்தக் கவிஞர் எனக்கு முன்னோடி. 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகள் தஞ்சைச் சபையில் பூவும் கூடாது, தமிழ்ப் பாட்டும் கூடாது என்றபோது அவர் எதிர்த்து எழுதினார். பாராட்டலாம். ஆனால் அதே எழுத்தில் அவர் காத்துநின்ற இன்னொரு உரிமை, ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்து உட்காரும் உரிமை. பூவைத் தடுத்த அதே மிஷனரிகள்தான் சாதிப் பாயையும் சுருட்டச் சொன்னார்கள். இரு தரப்பும் பூவையும் சாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள்: ஒருவர் இரண்டும் நம் மரபு என்றார், மற்றவர் இரண்டும் புறமதம் என்றார். மூட்டையைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்றும் பிரிக்கவில்லை. மயில், கோபுரக் கரை, தாலி, சாம்பிராணி என்று புறமதத்தைத் தேடித் தேடிக் களையும் சபைகளில் வரன் பார்க்கும்போது முதல் கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே சாதியை விசாரிப்பார்கள், அதைக் கலப்படம் என்று எந்தப் பிரசங்கமும் சொல்வதில்லை. பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருப்பதும் யாருக்கும் விக்கிரகமாகத் தெரியவில்லை. நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கோயில் எழுந்தது. ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டைபோலப் பிரியும் இரண்டு கூடங்கள்: வெள்ளாளருக்கு ஒன்று, நாடார் முதலிய மற்றவர்களுக்கு ஒன்று, நடுவில் சுவர். திருப்பலி லத்தீனில் நடந்தது, ரோமச் சடங்கு ஓர் எழுத்துப் பிசகவில்லை, தூர்னோனே வந்து பார்த்திருந்தாலும் குறை காண முடியாது. 1910-இல் கோசனெல் அடிகள் சுவரை இடித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள்.

அந்தச் சுவர் விழ முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. புடவையிலிருந்து மயிலை நீக்க ஆரணியில் ஜக்கார்டு அட்டைக்கட்டை மாற்றினால் போதும், ஒரு பகல் வேலை.